அவள் நிறுத்தி வைத்த கடிகாரம்

அக்காவை யாராவது "தங்கமான மனுஷி" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் அவளால் ஏதாவது ஒரு விதத்தில் பலன் அடைந்தவர்களாகத்தான் இருப்பார்கள். இழந்தவள் அவள் ஒருத்தி. பக்கத்தில் நின்று வயிறெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் அவளைப் பற்றி எழுதுகிற உரிமை எனக்குத்தான் இருக்கிறது.

பெயரைப் போட மாட்டேன். போட்டால் "இன்னாத்துக்குடி இதெல்லாம்" என்று கேட்பாள். சொந்தம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தாள், அதனால் அக்கா. பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஓலை வேலி, அதிலும் பாதி விழுந்து கிடக்கும்.

எங்கள் பக்கம் நிலத்தடித் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, உப்பு. குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும். லாரி எப்போது வரும் என்று தெரியாததால் காலையிலேயே குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். லாரி வரும்போது ஆள் இல்லாத குடத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்தவள் முன்னால் போவாள். எல்லாரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். அக்கா மட்டும் செய்ய மாட்டாள். முன்னால் இருக்கிற குடத்துக்காரி மீன் விற்கப் போயிருந்தால் அவள் குடத்தை நிரப்பி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தன் குடத்தை எடுப்பாள். ஒருநாள் இப்படி நிரப்பி நிரப்பி வைத்ததில் அவள் முறை வந்தபோது லாரியில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. நிரப்பி வைத்த குடங்களின் சொந்தக்காரிகள் வந்தார்கள், குடத்தை இடுப்பில் வைத்தார்கள், போனார்கள். ஒருத்தி ஒரு செம்பு ஊற்றவில்லை. நான் தெருவில் நின்று வாயில் வந்தபடி கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"அவங்க இல்லாத நேரம் பாத்து அவங்க எடத்த எடுத்துக்கறது எப்டிடி? வந்துடட்டுமே" என்றாள்.

அந்த "வந்துடட்டுமே" அவள் வாயில் எப்போதும் இருக்கும். பொன்னேரி பஸ் கிளம்பும்போது ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு, "இருங்கண்ணா, தோ ஒரு அம்மா ஓடி வராங்க, வந்துடட்டுமே" என்பாள். கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார். அந்த அம்மா கூடையோடு ஏறி, இருக்கிற ஒரே ஸீட்டில் உட்கார்ந்துகொள்வாள். நாங்கள் இரண்டு பேரும் திருப்பாலைவனம் தாண்டும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவோம். இப்படிப்பட்ட ஒருத்தி செஸ் ஆட வரலாமா, சொல்லுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு செஸ் வந்த கதை பெரிய கதை இல்லை. பெண்களுக்கென்று இருந்த கேரம் போர்டைப் பையன்கள் எடுத்துப்போய் உடைத்துவிட்டார்கள். நாங்கள் போய்ச் சண்டை போட்டோம். விளையாட்டு வாத்தியார் பீரோவில் தூசு படிந்து கிடந்த செஸ் போர்டையும், எப்படி ஆடுவது என்று ஒரு சின்னப் புத்தகத்தையும் கையில் கொடுத்து "போங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். இரண்டு பேரும் புத்தகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். ஒரு வருஷத்துக்குப் பிறகு அக்காவை ஜெயிக்க எங்கள் பக்கத்தில் ஆளே இல்லை. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று எங்கே போட்டி நடந்தாலும் போனோம். நான் நடுவில் எங்காவது வருவேன். அவள் முதல் மூன்று பேருக்குள் வருவாள்.

பழகுவதற்கு எங்களுக்கு இடம் டச்சுக்காரர் கல்லறைதான். வீட்டில் உட்கார்ந்தால் ஒரு வேலை வந்துவிடும். கல்லறையில் மர நிழல் இருந்தது, படுக்கைவசமாகப் போட்ட பெரிய பெரிய கற்கள் மேஜை மாதிரி இருந்தன. அங்கேயும் அக்காவுக்கு ஒரு சட்டம். கல்லில் எழுத்து இருக்கிற பக்கத்தில் போர்டை வைக்கக் கூடாது. "அது படுத்துனு கீறவரு பேரு" என்பாள். அந்த மனிதர் துணி வியாபாரம் பண்ண வந்து எந்தக் காலத்திலோ செத்துப்போனவர். அவருக்குக்கூட இவள் இடம் விட்டாள்.

அதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. ஆட்டத்தின் நடுவில் நான் எழுந்து போனால், திரும்பி வரும்வரை அவள் போர்டைப் பார்க்கவே மாட்டாள். முகத்தைத் திருப்பி மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டேன்.

"நீ இல்லாதப்போ நான் மட்டும் யோசிச்சிக்கினு இருந்தா அது திருட்டாட்டம் மாதிரி கீதுடி" என்றாள்.

"அக்கா, போட்டியில எல்லாரும் அப்டித்தான் யோசிப்பாங்க."

"யோசிக்கட்டும்."

இந்தப் புத்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. மீன் நிறைய வருகிற இடங்களில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு வருகிற நாளில் அந்தத் தண்ணீர் உன்னுடையது, வேறு எவனும் கிட்டே வர மாட்டான். அக்காவின் நைனா நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய பாடு வந்தது. ஊரில் ஒருவனும் அங்கே வலை இறக்கவில்லை. அவர் எழுந்து வரட்டும் என்று அந்த முறையை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த முறை வந்தபோதும் நிறுத்தி வைத்தார்கள். மீன் துள்ளுகிற தண்ணீரைச் சும்மா விட்டுவிட்டுக் கரையில் நின்றார்கள். அக்கா தினமும் போய் அந்த வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவாள். அவளுக்கு அது சாமி காரியம் மாதிரி.

நைனா எழுந்து வரவில்லை. கருமாதி முடிந்த கையோடு ஊர் கூடி, ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது என்று அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். வீட்டில் அக்கா, அவள் தங்கை, அவர்கள் அம்மா, மூன்று பெண்கள். மூன்று பேருக்கும் வயிறு உண்டு, பாடு இல்லை. படுத்துக்கிடந்த ஒரு ஆணுக்காக நின்ற ஊர், எழுந்து நடமாடுகிற மூன்று பெண்களுக்காக ஒரு நாள் நிற்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், ஊர் நின்றதை மட்டும்தான் சொல்வாள். பெயரை எடுத்ததைச் சொல்லவே மாட்டாள்.

அக்காவின் அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு காட்டூர் வரை நடந்து விற்றாள். தங்கை படிப்பை நிறுத்துகிற நிலை. அந்த வருஷத்தில்தான், செஸ் டீம் வைத்திருந்த ஒரு கம்பெனி பெண் ஆட்டக்காரி ஒருத்தியை வேலைக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு வந்தது. பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பெண்கள் போட்டியில் யார் முதலில் வருகிறாளோ அவளுக்கு வேலை. கம்பெனி ஆளே வந்து மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசி ஆட்டம் அக்காவுக்கும், நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு கண்ணாடி போட்ட பெண்ணுக்கும். அந்தப் பெண் அரைப் புள்ளி முன்னால் இருந்தாள். அக்கா ஜெயித்தால் அக்கா முதல். ஆட்டம் டிரா ஆனால்கூட அந்தப் பெண்தான் முதல். இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அக்கா ஜெயிக்க வேண்டும், வேறு வழியே இல்லை.

செஸ் போட்டி தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மேஜை ஓரத்தில் இரண்டு முகம் உள்ள கடிகாரம் இருக்கும். காயை நகர்த்திவிட்டு நம் பக்கத்துக் குமிழை அமுக்கினால் நம் நேரம் நிற்கும், எதிராளியின் நேரம் ஓடும். கடைசி நிமிஷங்களில் முள், பக்கத்தில் தொங்குகிற சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கும், நேரம் தீர்ந்தால் கொடி விழுந்துவிடும். கொடி விழுந்தவள் தோற்றவள், போர்டில் அவள் நிலைமை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

நான் என் ஆட்டத்தைத் தோற்றுவிட்டுக் கயிறு கட்டியிருந்த இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பிரமாதமாக ஆடினாள். அவளுடைய இரண்டு யானைகளும் அந்தப் பெண்ணின் ராஜாவுக்கு நேராக வந்து நின்றன. ஒரு குதிரையும் கூடச் சேர்ந்திருந்தது. அந்தப் பெண் யோசித்து யோசித்து நேரத்தை எல்லாம் கரைத்துவிட்டாள். அவள் நகர்த்த வேண்டிய முறை. அவள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கொடி கொஞ்சம் கொஞ்சமாக எழும்ப ஆரம்பித்துவிட்டது.

திடீரென்று அந்தப் பெண் எழுந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. கைப்பையைப் பின்னால் இடுப்புக்குக் கீழே அழுத்திக்கொண்டு மண்டபத்தின் பின்கதவைப் பார்த்து ஓடினாள். அக்கா அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, என் கண் முன்னாலேயே, கடிகாரத்தின் இரண்டு குமிழையும் சமமாக வைத்து இரண்டு பக்கத்தையும் நிறுத்தினாள். அந்த நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டு என்னிடம் வந்தாள்.

"பின்னாடி போடி. அந்தப் பொண்ணு தூரமாயிட்ச்சி போல. பாவம், வெள்ளை டிரெஸ்ஸு."

"கடியாரத்த எதுக்குக்கா நிறுத்தின?"

"அவ வந்துடட்டுமே. நீ போ."

போனேன். சமையல்கட்டுக்குப் பின்னால் குழாயடியில் அந்தப் பெண் அழுதுகொண்டு நின்றாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. நான் சமையல்காரம்மாவிடம் ஒரு வாளி வாங்கிக் கொடுத்தேன். என் பையில் இருந்த துண்டைக் கொடுத்தேன். என் துப்பட்டாவை எடுத்து அவள் இடுப்பில் சுற்றி ஊக்குப் போட்டுவிட்டேன். அவள் "கிளாக் ஓடுது, கிளாக் ஓடுது" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

"ஓடல. எங்க அக்கா நிறுத்தி வெச்சிகீது. மெதுவா வா" என்றேன்.

என் வாயால், அவள் காதில் விழும்படி சொன்னேன். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் உள்ளே வந்தபோது நடுவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மற்ற ஆட்டங்கள் எல்லாம் முடிந்திருந்ததால் கூட்டம் சுற்றி நின்றது. அப்பாக்கள், அண்ணன்கள், போட்டி நடத்துகிறவர்கள், மேடையிலிருந்து இறங்கி வந்த கம்பெனிக்காரர். அக்கா போர்டைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா கிளாக்கை நிறுத்தினது?"

"நான்தான் சார்."

"எதுக்கு?"

"அவங்க எழுந்து வெளிய போனாங்க சார்."

"போனா போகட்டும். அது அவங்க நேரம். அதை நிறுத்த நீ யாரு? என்னைக் கூப்பிட்டியா? என்ன காரணம்?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. நடுவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"நீ நிறுத்தச் சொன்னியாம்மா?"

அந்தப் பெண் என் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, போர்டைப் பார்த்தபடி, "இல்ல சார். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "சார், அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு" என்று ஆரம்பித்தேன். அக்கா திரும்பி, "நீ சும்மா இருடி" என்றாள். அவள் என்னை அப்படி அதட்டியது அந்த ஒரு தடவைதான். நடுவர், பார்க்க வந்தவர்கள் பேசக் கூடாது என்று சொல்லி என்னை மண்டபத்துக்கு வெளியே அனுப்பினார். பிறகு, எதிராளியின் கடிகாரத்தில் கை வைத்ததற்குத் தண்டனையாக அந்தப் பெண்ணுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார். சட்டப்படி அவர் செய்தது சரிதானாம், பின்னால் விசாரித்தேன். சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தக் கடிகாரத்தைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கொடி விழுந்திருக்கும், வேலை வீட்டுக்கு வந்திருக்கும். ஒரு ஆளுக்கு உதவி செய்ததற்குத் தண்டனை, உதவி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டவளுக்குப் பரிசு. இதை எந்த வாயால் நியாயம் என்று சொல்வது?

வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கூடுதல் நேரம் கிடைத்ததும் அந்தப் பெண் நிதானமாகிவிட்டாள். அக்கா ஒரு யானையை முன்னால் கொண்டுபோனாள். யானை விட்டுப்போன இடைவெளியில் அந்தப் பெண் ராணியை உள்ளே இறக்கி அக்காவின் ராஜாவுக்கு செக் வைத்தாள். ராஜா நகர்ந்தது, மறுபடியும் செக். இந்தப் பக்கம் போனால் அங்கிருந்து செக், அந்தப் பக்கம் போனால் இங்கிருந்து செக். இதற்கு முடிவே இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்ததும் கை கொடுத்துக்கொண்டார்கள். டிரா. கம்பெனிக்காரர் அந்தப் பெண்ணிடம் போய்ப் பேச ஆரம்பித்தார். அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. என் துப்பட்டாவோடு அப்படியே காரில் ஏறிப் போனாள்.

அக்கா இப்போது திருப்பாலைவனத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆளாகிவிட்டார்கள். தைக்கக் கொடுத்தவர்கள் சொன்ன நாளில் வராவிட்டால் கடையைப் பூட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், "அந்த யானைய நான் நகத்தியிருக்கக் கூடாதுடி" என்கிறாள். இத்தனை காலமாக அவள் வருத்தப்படுவது அந்த யானைக்காக. கடிகாரத்துக்காக வருத்தப்படுவது நான்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. நான் வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தேன், அந்தப் பெண்ணை, நடுவரை, கம்பெனியை, கடைசியில் அக்காவையும்.

"காரணத்த நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சுத்தி அத்தினி ஆம்பளைங்க நின்னுகினு இருந்தாங்க. எப்டிடி சொல்றது? அது அந்தப் பொண்ணு மானம்."

"சரி, அவ சொல்லியிருக்கலாம்ல? நிறுத்தினதுக்குக் காரணம் இருக்குன்னு ஒரு வார்த்தை?"



"சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு, "சொல்லியிருக்கணும்" என்றாள். அவளுக்கும் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"மறுபடி இப்டி ஆனா நிறுத்துவியா?"

"நைனா ஆஸ்பத்திரில இருக்கச்சொல்ல நம்ம பாட்டுல யாராவது வலை போட்டாங்களா?"

"போடல. அப்பால பேரையே எடுத்துட்டாங்களே, அது?"

பஸ் திருப்பாலைவனத்தில் நின்று கிளம்பியது.

நாங்கள் வந்தபோது அவள் அம்மா வாசலில் நெத்திலி காயப்போட்டிருந்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பாதியில் நிமிர்ந்தாள்.

"இன்னாம்மா, வேலை ஆயிட்ச்சா?"

"டிரா ஆயிட்ச்சிம்மா."

"அப்டின்னா இன்னா?"

"யாரும் ஜெயிக்கல. ஆளுக்குப் பாதி."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்க முடியாமல் நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாதியாவது வந்துதே, அது போதும். கோடி வூட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஏரியில ஒரே பாட்டுலதான மாத்தி மாத்தி வலை போட்டுக்கினு கீறாங்க. நீ ஒரு மாசம் போ, அந்தப் பொண்ணு ஒரு மாசம் போவட்டும். மொதல் மாசம் யாருதுன்னு கேட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா குனிந்து பாயின் இன்னொரு முனையைப் பிடித்தாள்.

"அங்க அந்த வழக்கம் இல்லம்மா. வேலை முழுசும் அந்தப் பொண்ணுக்குத்தான்."

அம்மா பாயைக் கீழே வைத்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"ஆளுக்குப் பாதின்னு சொல்லிட்டு, இல்லாத வூட்டுப் பொண்ணுங்கிட்டருந்து முழுசையும் எடுத்துக்கினாங்களா? இன்னா ஊருடி அது?"